தாய் சொன்னால் சரி

என் எழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்றைச் சொல்லப் போனால் வேறொன்று முந்திக்கொண்டு வந்து நிற்கும். வருஷம், மாதம் எல்லாம் எனக்குள் கலங்கிப்போய்விட்டன. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் எழுதப்போவது எங்கள் ஊருக்கு வந்துபோன அரசாங்க மருத்துவிச்சியைப் பற்றி. யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரான மயிலிட்டியில் நாங்கள் எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி அது, என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்த காலம்.

மிஸி மானிப்பாய்ப் பக்கத்து ஆள். பஸ்ஸில் வந்து இறங்கி, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு, மணலில் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கியபடி வீடு வீடாக நடப்பார். வெள்ளைச் சேலை, பருத்த உடம்பு, மூச்சு வாங்கும். வீட்டுக்குள் வந்தால் முதலில் குழந்தையைப் பார்க்கமாட்டார். கொடியில் காய்கிற பிள்ளைத் துணிகளைப் பார்ப்பார். நாங்கள் அடித்துத் தோய்த்துப் போட்ட துணிதான். என்றாலும் ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்து, புடைவைக் கடையில் நூல் பார்க்கிறவர்களைப் போலக் கறை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கேள்வி வரும்.

"பிள்ளை கக்கா இருந்ததோ?"

அந்தக் கேள்விக்கு இடம், நேரம் ஒன்றும் கிடையாது. கோயில் வாசலில் கேட்பார். பஸ்ஸுக்குள் இருந்தபடி, தெருவில் போகிற தாயைப் பார்த்து யன்னலால் தலையை நீட்டிக் கேட்பார். ஒருநாள் காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்திருந்தன, மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்தார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றேன். தெருவில் போன மிஸி அங்கிருந்தே சத்தம் வைத்தார்.

"எடி பிள்ளை! இண்டைக்குக் கக்கா இருந்ததோ? இறுக்கமோ, களியோ?"

ஏலம் நின்றுபோயிற்று. அத்தனை ஆம்பிளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்:

"மிஸி, எனக்கும் நாலு நாளாய் இல்லை. என்னையும் உங்கடை கொப்பியிலை பதியுங்கோ."

"உனக்குக் கொப்பி தேவையில்லை ராசா. கள்ளைக் குறைச்சுத் தண்ணியைக் கூட்டு. நாளைக்கு உன்ரை மனிசியைக் கேட்டுப் பதியிறன்."

கரையே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் மட்டும் இரண்டு நாள் கரைப்பக்கம் போகவில்லை. அடுத்தமுறை வீட்டுக்கு வந்தபோது மிஸி என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

"ஏன் பிள்ளை உவ்வளவு வெக்கம்? வாய்க்குள்ளை போறதைப் பாக்க ஆயிரம் பேர் வருவினம். வெளியாலை வாறதைப் பாக்க ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் கவுண்மேந்து எனக்குச் சம்பளம் தருகுது."

இன்னொரு குணம் அவரிடம் இருந்தது. தாய் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே நம்புவார். வேறு யார் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்பார், தாய் சொன்னால் கேட்கமாட்டார். எங்கள் மாமி, என் புருஷனைப் பெற்றவர், ஒருமுறை அவருக்குப் புத்தி சொன்னார்: "இந்தக் காலத்துப் பெட்டையள் வாய் கூசாமல் பொய் சொல்லுவாளவை மிஸி. எல்லாத்தையும் நம்பாதையுங்கோ."

மிஸி கொப்பியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பொய் சொல்லுறதெண்டால் புருஷன்மாருக்குச் சொல்லுவாளவை அக்கா. பிள்ளையின்ரை வயித்து விஷயத்திலை ஆர் பொய் சொல்லுவினம்? தாய் சொன்னால் சரி."

அவர் அப்படிச் சொன்னபோது அந்த வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

எனக்குப் பால் காணாது என்று மாமி மாப்பால் ரின் வாங்குவித்திருந்தார். மிஸி வந்து கலக்கும் முறை காட்டித் தந்தார். கரண்டியில் பால்மாவை அள்ளி, மேலே குவிந்து நிற்பதைக் கத்தியின் முதுகால் வழித்துவிடவேண்டும். "குவிச்சுப் போட்டால் பிள்ளை கொழுக்காது, வயிறுதான் இறுகும்" என்று இரண்டு தரம் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் பக்கத்து வளவில் என் மச்சாளின் பிள்ளை பூசணிக்காய் மாதிரி இருந்தது. என்னுடையது நோஞ்சான். "தண்ணிப் பால் குடிச்சுத்தான் உது சூடைக் கருவாடு மாதிரிக் கிடக்கு" என்பார் மாமி. மாமியில் மட்டும் பழியைப் போட்டால் அது பாவம். எனக்கும் ஆசைதான். என் பிள்ளையையும் தூக்குகிறவர்கள் "அப்பா, என்ன பாரம்!" என்று சொல்லவேண்டும் என்று நினைத்தேன். கரண்டியை வழிக்காமல் குவித்துப் போட்டேன். அதற்கு மேலே இன்னும் ஒரு அரைக் கரண்டி.

பிள்ளைக்கு வயிறு கட்டிவிட்டது. மூன்று நாள், நாலு நாள் ஒன்றும் போகாது. போனால் ஆட்டுப் புழுக்கை. முகம் சிவந்து, காலை மடக்கி, முக்கி முக்கி அழும். மாமி வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்தார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிற வேலை அது. காம்பு கீறி ரத்தம் வந்தது. நான் துணியைத் தோய்த்துத்தான் போட்டேன். மிஸி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆர் காம்பு வைச்சது?"

மாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் காம்பையும் சேத்துச் சப்பித் துப்புங்கோ. பிஞ்சுப் பிள்ளையின்ரை பின்பக்கத்திலை விடாதையுங்கோ. சவுக்காரத் துண்டும் வேண்டாம், ஆமணக்கெண்ணெயும் வேண்டாம்." பிறகு என்னைப் பார்த்தார். "கரண்டியை வழிச்சுத்தானே போடுறாய்?"

"ஓம் மிஸி."

"தாய் சொன்னால் சரி."

அவ்வளவுதான். கொப்பியில் எழுதினார். பிறகு நிலத்தில் காலை நீட்டி இருந்து, பிள்ளையைத் தன் மடியில் மல்லாத்தினார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, கொப்பூழைச் சுற்றி, மணிக்கூட்டுக் கம்பி ஓடுகிற பக்கமாக மெல்ல மெல்லத் தடவினார். இரண்டு காலையும் பிடித்து மாறி மாறி மடக்கி நீட்டினார். "சைக்கிள் ஓடப் பழக்குறன். பெரியாளாய் வந்து என்னைப் பின்னாலை ஏத்திக்கொண்டு போகவேணும், என்ன?" என்று பிள்ளையைக் கேட்டார். அது சிரித்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் இடுப்பளவுக்கு இருத்தச் சொன்னார். ஆறு மாதம் தாண்டிவிட்டதால் பால் நேரங்களுக்கு நடுவில் காய்ச்சி ஆறிய தண்ணீர் சில கரண்டி கொடுக்கலாம், பப்பாப்பழம் மசித்துக் கொடுக்கலாம் என்றார்.

போகும்போது பையிலிருந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்து என்னிடம் தந்தார். "நீ எழுத்துத் தெரிஞ்ச பிள்ளை. ஒவ்வொரு நாளும் போனதோ இல்லையோ, எப்பிடிப் போனதெண்டு எழுதி வை." பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னை ஏதாவது எழுதச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நானும் எழுதினேன். செவ்வாய்: இல்லை. புதன்: இல்லை. வியாழன்: கொஞ்சம், கல்லுப்போல. தண்ணீரும் பழமும் கொடுக்கக் கொடுக்கக் கொஞ்சம் இளகிற்று. ஆனால் நான் குவிப்பதை விடவில்லை. அதை மட்டும் கொப்பியில் எழுதவில்லை.

பிள்ளைக்குப் பல்லு முளைத்தது. பல்லுக் கொழுக்கட்டைக்குச் சனிக்கிழமை நாள் வைத்து, சொந்தம் முழுவதற்கும் சொல்லியாயிற்று. எங்கள் பக்கத்தில் அது பெரிய சடங்கு. பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலையிலே கொழுக்கட்டை சொரிவார்கள். மிஸிக்கும் சொன்னோம். வெள்ளிக்கிழமை வந்தது, நாலு நாளாகப் பிள்ளைக்கு ஒன்றும் போகவில்லை. காலையில் மாமி எண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

"நாளைக்குச் சனம் வரப்போகுது. பிள்ளை முக்கிக்கொண்டு அழுதால் என்ன சொல்லுவினம்? ஒரு கரண்டி குடு, வயிறு கழுவுப்படட்டும்."

"மிஸி குடுக்கவேண்டாம் எண்டவ, மாமி."

"பெத்தது மிஸியோ, நீயோ?"

மாமி போத்தலை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் என் கையைப் பிடித்துக் கொடுப்பிக்கவில்லை. இதை நான் எழுதத்தான் வேண்டும். தேநீர்க் கரண்டி கைக்கெட்டவில்லை. கறிக்கு வைத்திருந்த பெரிய கரண்டி கிட்டக் கிடந்தது. அதை எடுத்து, நிறைய ஆமணக்கெண்ணெய் வார்த்து, பிள்ளையின் மூக்கைப் பிடித்து, என் கையால் பருக்கினேன்.

அன்று பின்னேரம் தொடங்கிய வயிற்றோட்டம் விடியவும் நிற்கவில்லை. துணி முடிந்து, என் பழைய சேலையைக் கிழித்தேன். மாமி, "பல்லு வாற நேரம் அப்பிடித்தான்" என்றார். வந்த சனத்தை என்ன செய்வது? சடங்கு நடந்தது. தலையில் கொழுக்கட்டை சொரிந்தபோது பிள்ளை அழவில்லை. கழுத்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

அந்த நேரம்தான் மிஸி படலையைத் திறந்துகொண்டு வந்தார். சனத்தை விலக்கிக்கொண்டு வந்து பிள்ளையின் உச்சியைத் தொட்டுப் பார்த்தார். உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. "கார் ஒண்டு பிடியுங்கோடா! நிண்டு பாக்கிறியள்!" என்று அவர் கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. காருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தண்ணீர் தொட்டுத் தொட்டு உதட்டில் வைத்தபடி என்னைக் கேட்டார்.

"வேறை ஏதும் குடுத்தனியோ, பிள்ளை? பயப்பிடாமல் சொல்லு."

மாமி எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய முழங்கை என் விலாவில் பட்டது. படாமல் விட்டிருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"இல்லை மிஸி. நீங்கள் சொன்ன தண்ணியும் பப்பாப்பழமும் மட்டுந்தான்."

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளையைப் பார்த்த உடனே சொன்னார்: "பேதிக்கு ஏதோ குடுத்திருக்கினம்."

மிஸி அவருக்கு முன்னால் போய் நின்றார். நான் சுவரோடு நின்றேன்.

"இல்லை டொக்டர். நான் தாயைக் கேட்டனான். குடுக்கேல்லை எண்டு சொல்லுறா."

"தாய்மார் சொல்லுறதெல்லாம் உண்மையோ மிஸி?"

"இந்தப் பிள்ளை பொய் சொல்லமாட்டுது. ஒவ்வொரு நாளும் கொப்பியிலை எழுதி வைக்கிற பிள்ளை."

டொக்டர் பிள்ளையின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அப்ப நீங்கள் குடுக்கச் சொன்னதுதான் ஒத்துக்கொள்ளேல்லை."

மிஸி பின்னுக்கு வந்து, பிள்ளையின் கால்மாட்டில் நின்றார்.

பிள்ளை பிழைத்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் கரண்டியைக் கத்தியால் வழித்துத்தான் பால் கலக்கினேன். காய்ச்சி ஆறிய தண்ணீரும் பப்பாப்பழமும் அதே மாதிரிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் கல்லுப்போலப் போகவில்லை. மிஸி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுத்ததையும் செய்தேன்.

சடங்கு வீட்டில் பிள்ளை விழுந்ததற்கு ஊர் காரணம் கேட்டது. மாமி மிஸியைச் சொன்னார். பப்பாப்பழம் சூடு, அதைக் கொடுக்கச் சொன்னது மிஸி என்றார். மாமியின் தமையனார் ஊரில் பெரிய மனிதர். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தால் நேரே போய்க் கேட்கமாட்டார்கள், மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போடுவார்கள். அதிலும் பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம். அவர் கடுதாசியோடு வந்து என்னை இருத்தினார்.

"என்ரை எழுத்துக் கவுண்மேந்துக் கந்தோரிலை எல்லாருக்கும் தெரியும். உன்ரை எழுத்து ஒருத்தருக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுது."

ஒரு ஆளுக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. மிஸி பிள்ளைக்கு ஒவ்வாததைக் கொடுக்கச் சொல்லிச் சாகக் கொடுக்கப் பார்த்தார் என்று எழுதினேன். ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் பெண்களிடம் வெட்கம் கெட்ட கேள்வி கேட்கிறார் என்று மாமியின் தமையனார் சொல்ல, அதை மட்டும் கொஞ்சம் உறைப்பாகவே எழுதினேன். கரையில் பட்ட வெட்கம் எனக்குள் கிடந்தது. கடைசியில் "உண்மை விளம்பி" என்று போடச் சொன்னார். போட்டேன்.

இரண்டு மாதத்துக்குள் மிஸிக்குப் புத்தூருக்கு மாற்றம் வந்தது. போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடியைப் பார்க்கவில்லை. நேரே வந்து இருந்தார்.

"கொப்பியைக் கொண்டு வா பிள்ளை."

கொடுத்தேன். ஒற்றையைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார். பிறகு மூடி, மடியில் வைத்தார்.

"கந்தோரிலை கடிதத்தைக் காட்டினவை. எழுத்து வடிவாய்த்தான் இருந்தது."

நான் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் கோவிக்கேல்லை. தாய்க்குப் பயம் வந்தால் எழுதத்தான் வேணும். என்ரை பிழையைத்தானே எழுதியிருக்கிறாய்." அவர் குரல் மிகவும் தணிந்திருந்தது. "எத்தினை பிள்ளையளுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லியிருப்பன். ஒண்டுக்கும் இப்பிடி வரேல்லை. எங்கை பிழைச்சனான் எண்டு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், விளங்கேல்லை. இனி ஒரு தாய்க்கும் சொல்லமாட்டன்."

அப்போது வீட்டில் மாமி இல்லை. யாருமே இல்லை. நானும் அவரும் பிள்ளையும்தான். இரண்டு சொல் போதும்: "எண்ணெய் பருக்கினனான்." வாயைக்கூடத் திறந்தேன். அவர் எழும்பிக் குடையை எடுத்துவிட்டார். வாசலில் நின்று, பழைய மாதிரிக் கேட்டார்.

"இண்டைக்குக் கக்கா இருந்ததோ?"

"ஓம் மிஸி. களியாய்."

அவரிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

எழுபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். ஒரு கலியாண வீட்டுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் பஸ்ஸில் போனேன். சித்திரை வெயில். பக்கத்தில் ஒரு இளம் பெண், மடியில் எட்டு ஒன்பது மாதப் பிள்ளை. அது முக்கி முக்கி அழுதது. வயிறு கல்லு மாதிரி இருந்தது, உதடு காய்ந்திருந்தது. அந்த அழுகை எனக்குத் தெரியும்.

"எத்தினை நாளாய்ப் போகேல்லை தங்கச்சி?"

"அஞ்சு நாள் அக்கா." அவள் சிரித்தாள். "எங்கடை மிஸி மாதிரியே கேக்கிறியள். அவவும் சந்தைக்குள்ளை வைச்சு இப்பிடித்தான் கேப்பா. மானம் போகும்."

"எந்த ஊர்?"

"புத்தூர்."

என் போத்தலில் காய்ச்சி ஆறிய தண்ணீர் இருந்தது. "ரெண்டு கரண்டி பருக்கிப் பாருங்கோ" என்று நீட்டினேன். அவள் பிள்ளையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ வேண்டாம். மிஸி வயிறு தடவி விடுவா, காலை ஆட்டி விடுவா. தண்ணி, பழம் குடுக்க மட்டும் சொல்லமாட்டா. ஆரும் கேட்டால், மயிலிட்டியிலை ஒரு பிள்ளை தன்ரை சொல்லைக் கேட்டுச் சாகப் பாத்தது எண்டுவா. சொல்லேக்கை கண் கலங்குவா, பாவம்."

"குடுக்கலாம் தங்கச்சி. காய்ச்சி ஆறின தண்ணி ஒண்டும் செய்யாது."

"மிஸிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?"

நான் போத்தலை மூடினேன். அவள் புத்தூர்ச் சந்தியில் பிள்ளையோடு இறங்கினாள். நானும் இறங்கியிருக்கலாம். மிஸியின் வீடு எது என்று கேட்டிருந்தால் அவளே கூட்டிக்கொண்டு போயிருப்பாள். பஸ் புறப்பட்டது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

இதில் எத்தனையோ பிழை இருக்கும். மாற்றம் வந்தது அந்தப் பெட்டிசத்தாலேயா, இல்லை அவருக்குத் தவணை முடிந்துதானா என்பதுகூட எனக்குத் திடமாகத் தெரியாது. புத்தூர்ப் பக்கத்துப் பழைய ஆட்கள், அவர் கையால் பிறந்தவர்கள், யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். வேலையை விடுகிற காலத்துக்குள் அவர் மறுபடியும் தாய்மாருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாரா, இல்லையா என்பதை உங்கள் தாய்மாரிடம் கேட்டு எழுதுங்கள். அவருடைய பிள்ளைகள் எங்காவது இருந்தால், அன்றைக்கு நான் பருக்கியது ஒரு பெரிய கரண்டி ஆமணக்கெண்ணெய் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.